கோட்டைச்சாமியின் சிவப்புக் கட்டம்

"அம்மா, மாசிலாமணியை மலையை விட்டு அனுப்பிடணும்."

சீடர் இதைச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினார். சாத்திய கதவைத் திறந்து, வெளியே யாராவது நிற்கிறார்களா என்று பார்த்தார். மறுபடி சாத்தினார்.

குரு கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"யாரு, சென்ட்ரிங் மேஸ்திரியா?"

"அவனேதான்."

"என்ன செஞ்சாரு?"

"அதைத்தான் கண்டுபிடிச்சுட்டு இருக்கேன்."

குரு ஒரு பழுத்த இலையைக் கிள்ளி ஓரமாகப் போட்டார்.

குருவின் பெயர் உலகம்மை. வயது முப்பத்தாறு. சீடர் சிதம்பரதாணுவுக்கு அறுபத்தொன்று. மலைக்கு வருமுன் அவர் அணை கட்டும் நிறுவனம் ஒன்றில் முப்பது வருடம் திட்ட அதிகாரியாக இருந்தார். முப்பது வருடத்தில் ஒரு அணைகூடத் தாமதமானதில்லை என்பார். எந்த அணை என்று யாரும் கேட்டதில்லை.

மடத்தின் பழைய ஓட்டுக்கூடம் போன வருடச் சாரல் மழையில் விழுந்துவிட்டது. புதுக்கூடத்துக்குச் சுவர் எழும்பிவிட்டது. இனி கூரைக்குக் கான்கிரீட் போட வேண்டும். ஈரக் கான்கிரீட்டைத் தாங்கிப் பிடிக்கப் பலகை அடித்து, கீழே முட்டுக் கொடுக்கிற வேலைக்குப் பெயர் சென்ட்ரிங். மலையில் அது தெரிந்த ஒரே ஆள் மாசிலாமணி.

சாரலுக்கு இன்னும் பன்னிரண்டு நாள்.

வேலை மொத்தமும் தாணுவின் மடிக்கணினியில், ஒரு திட்ட மேலாண்மை மென்பொருளுக்குள் இருந்தது. நானூற்றுப் பன்னிரண்டு வேலைகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு குறியீடு. கூ என்றால் கூரை. சு என்றால் சுவர். கூ-04-11 என்றால் தெற்கு மூலையில் பலகை அடிப்பது. கீரை ஆய்வதற்கும் ஒன்று இருந்தது. அது குருவுக்குத் தெரியாது.

தாணு வேலைகளோடு நின்றிருக்கலாம்.

ஆனால் அந்த மென்பொருளில், நமக்கு வேண்டிய கட்டத்தை நாமே சேர்த்துக்கொள்ளலாம். தாணு ஆட்கள் பட்டியலில் ஒரு கட்டம் சேர்த்தார். 'ஐயம்' என்று அதற்குப் பெயர் வைத்தார். இரண்டே குறியீடுகள். ஐ-0 என்றால் ஐயமில்லை, பச்சை. ஐ-1 என்றால் ஐயமுண்டு, சிவப்பு.

சேர்த்து முடித்ததும் மென்பொருள் அவரிடம் ஒரு கேள்வி கேட்டது. யாரும் எதுவும் எழுதாவிட்டால் இந்தக் கட்டத்தில் என்ன இருக்கட்டும்?

தாணு பதில் சொல்லிவிட்டுக் காப்பி குடிக்கப் போனார்.

அது மாசி மாதம். இப்போது வைகாசி.

"கட்டத்துல அவருக்கு என்ன இருக்கு?" என்றார் குரு.

"சிவப்பு."

"மத்தவங்களுக்கு?"

"விசாரிச்சுப் பச்சை ஆக்கிட்டேன். சமையக்கட்டுல சொர்ணத்தாய், வாசல்ல பிச்சாண்டி, கம்பி கட்டுற நாலு பேரு, எல்லாரும் பச்சை. இவன் ஒருத்தன்தான் சிவப்புல நிக்கான். காரணம் இல்லாம நிப்பானா அம்மா?"

"என்ன காரணம்?"

தாணு மடிக்கணினியைத் திறந்தார். குரலைத் தாழ்த்தினார்.

"ஒண்ணு. தினமும் சாயங்காலம் யானைப்பாறை மேல ஏறி, முதுகைக் காட்டிக்கிட்டு போன் பேசுதான்."

"அங்கதானே சிக்னல் கிடைக்கும்?"

"கிடைக்கும். முதுகை எதுக்குக் காட்டணும்?"

குரு கீரையைப் புரட்டினார்.

"ரெண்டு. பலகை நூத்தி இருபது வந்துச்சு. எண்ணிப் பாத்தா நூத்திப் பதினேழு. மூணு. நான் கிட்டப் போனா பேச்சை நிறுத்திடுதான்."

"நீங்க கிட்ட வந்தா நானும் நிறுத்திருவேன் அண்ணாச்சி."

தாணுவின் விரல் தட்டச்சுப் பலகை வரை போயிற்று. யோசித்துத் திரும்பி வந்தது.

"நாலு. வேலை செய்யும்போது விசில் அடிக்கான்."

"என்ன பாட்டு?"

"பாட்டு இல்ல. வெறும் விசில். அதான் எனக்குச் சரியாப் படலை."

குரு அடுத்த கீரைக்கட்டைப் பிரித்தார்.

"சரி. வர்ற சனிக்கிழமை அனுப்பிருவோம்."

தாணு நிமிர்ந்தார். இவ்வளவு சுலபமாகக் கிடைக்கும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. சுலபமாகக் கிடைத்ததே அவருக்கு லேசாக உறுத்தியது.

"மடத்துல இருந்து விரட்டின ஆளுன்னு தெரிஞ்சா, கீழ எந்தக் கட்டடத்துலயும் அவரை ஏத்த மாட்டாங்க. அதையும் எழுதிக்கோங்க," என்றார் குரு.

"அதுக்குக் கட்டம் இல்லையே அம்மா."

"அப்ப விடுங்க. பட்டியல்ல இன்னொரு பேரு சேத்துக்கோங்க. கோட்டைச்சாமி."

"யாரு அது?"

"மாசிலாமணிக்குக் கையாள்னு போட்டுக்கோங்க."

"எந்த ஊர்க்காரன்?"

"எந்த ஊராவும் இருக்கலாம்."

"எப்ப வருவான்?"

"வந்தா உங்க கண்ணுல படாம இருக்க முடியுமா?"

தாணு பெயரை அடித்து விசையைத் தட்டினார். பக்கத்துக் கட்டம் சிவந்தது.

தாணு மடிக்கணினியைக் குருவின் பக்கம் திருப்பினார்.

"பாத்தீங்களா அம்மா?"

"பாத்தேன்," என்றார் குரு. கீரைக்குள் ஒரு பச்சைப் புழு நெளிந்தது. அதை இலையோடு எடுத்து ஜன்னலுக்கு வெளியே விட்டார்.

*

திங்கட்கிழமை காலை முழுக்கத் தாணு வாசலில் நின்றார். கோட்டைச்சாமி வரவில்லை.

'வாசல் வழியாக வரவில்லை. வேறு வழி தெரிந்து வைத்திருக்கிறான்' என்று எழுதினார்.

மத்தியானம் மறுபடி வாசலுக்குப் போனார். பிச்சாண்டி நாற்காலியில் தலையைப் பின்னால் சாய்த்து, வாயைத் திறந்து, மலைக்காற்றை வாங்கிக்கொண்டிருந்தான்.

"பிச்சாண்டி!"

"முழிச்சுத்தான் இருக்கேன் அண்ணாச்சி."

"புதுசா ஒருத்தன் உள்ள வந்தானா? கோட்டைச்சாமின்னு பேரு."

தூங்கினேன் என்பதா, பார்த்தேன் என்பதா? பிச்சாண்டிக்கு அரை நொடி போதுமானதாக இருந்தது.

"வந்தான். வராம? இந்தா, இப்பத்தான் உள்ள போறான்."

"ஆள் எப்படி?"

"நெட்டை."

"மீசை உண்டா?"

"மீசைன்னா... வச்ச மாதிரியும் இருந்துச்சு, வைக்காத மாதிரியும் இருந்துச்சு."

தாணு அதை அப்படியே எழுதிக்கொண்டார். எழுதி முடித்து, கண்ணை இடுக்கிப் பிச்சாண்டியைப் பார்த்தார். பிச்சாண்டி நேராக உட்கார்ந்தான். அவன் கட்டம் பச்சையாகவே இருந்தது.

செவ்வாய்க்கிழமை சமையற்கட்டுக்குப் போனார். ஆட்டுக்கல் பக்கத்தில் ஒரு பெஞ்சு கிடந்தது. வசதியான உயரம். அதில் உட்கார்ந்து மடிக்கணினியை மடியில் வைத்துக்கொண்டார்.

"சொர்ணத்தாய், நெட்டையா ஒருத்தன் சாப்பிட வந்தானா?"

"ஆக்கிப் போடுதவளுக்கு ஆளை எண்ணுததா வேலை? வாறவன் எல்லாம் வாயைத்தான் காட்டுதான். நான் மூஞ்சியைப் பாக்கவா, குழம்பைப் பாக்கவா?"

"பருப்பு வடை பன்னெண்டு குறையுதுன்னு கேள்விப்பட்டேனே."

சொர்ணத்தாய் கரண்டியைக் கீழே வைத்தாள். தன் புடவை முந்தானையில் ஒட்டியிருந்த ஒரு வடைத் துணுக்கை மெல்லத் தட்டிவிட்டாள்.

"என்ன பேரு சொன்னீய?"

"கோட்டைச்சாமி."

"அவனா! அந்தப் பன்னெண்டையும் தின்னுட்டுப் போனவன் அவன்தானா! குட்டையா, தொப்பையும் தொந்தியுமா?"

"நெட்டைன்னு சொன்னாங்களே."

"உக்காந்துல்லா தின்னான் அண்ணாச்சி! உக்காந்தவனுக்கு நான் எப்படி உசரம் அளக்க?"

தாணு எழுதினார்: 'உயரத்தை மறைக்கிறான்.'

புதன்கிழமை, கம்பி கட்டுகிறவர்கள் ஒரு கம்பியை ஒரு அடி குறைத்து வெட்டிவிட்டது தெரியவந்தது.

"யாரு வெட்டினது?"

நாலு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். மலையில் செய்தி வேகமாகத்தான் நடக்கும்.

"கோட்டைச்சாமி," என்றார்கள், சேர்ந்தாற்போல்.

வியாழக்கிழமை தண்ணீர்த் தொட்டியின் குழாய் மூடாமல் கிடந்தது. கோட்டைச்சாமி. பூசைமணியின் நாக்கைக் காணோம். கோட்டைச்சாமி. யாரோ தாணுவின் செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு போய்விட்டார்கள். அதற்குச் சாட்சியே தேவைப்படவில்லை.

அன்று சாயங்காலம் அவன் மேல் பதினான்கு பதிவுகள் இருந்தன.

அந்த வாரம் மலையில் வேறு ஒருவரும் ஒரு தப்பும் செய்யவில்லை.

*

வெள்ளிக்கிழமை தாணு புதுக்கூடத்துக்குப் போனார். மேலே பலகைகளுக்கு நடுவில் மாசிலாமணி குந்தியிருந்தான். விசில் கேட்டது. தாணு ஏணியின் அடியில் ஓசைப்படாமல் நின்று கொஞ்ச நேரம் கேட்டார். பாட்டு இல்லைதான்.

"மாசிலாமணி."

விசில் நின்றது.

"கோட்டைச்சாமி எங்க?"

மாசிலாமணி வாயிலிருந்து இரண்டு ஆணிகளை எடுத்துச் சட்டைப் பையில் போட்டான்.

"யாருங்க ஐயா?"

"நடிக்காத. உன் கையாளு."

"எனக்கு ஏது ஐயா கையாளு? ரெண்டு வாரமா கேக்கேன். ஜாக்கி பிடிக்க ஒரு ஆள் இல்ல. ஒரு கையில பலகை, ஒரு கையில சுத்தியல், ஆணி வாயில. கீழ இறங்கிப் போய் நானே ஜாக்கியைத் திருகிட்டு, மறுபடி மேல ஏறி வாறேன். ஒரு பலகைக்கு ஆறு தடவை ஏணி."

ஜாக்கி என்பது பலகைக்கு அடியில் நிறுத்தும் இரும்புக் குழாய். கீழே ஒருவர் பிடித்துத் திருகினால்தான் மேலே மட்டம் நிற்கும்.

"பிச்சாண்டி பாத்திருக்கான். சொர்ணத்தாய் பாத்திருக்கா. கம்பி கட்டுறவங்க நாலு பேரும் பாத்திருக்காங்க."

"நான் பாக்கலை ஐயா."

"எல்லாரும் பாத்த ஆளு உன் கண்ணுக்கு மட்டும் தெரியலையா?"

மாசிலாமணி கொஞ்சம் யோசித்தான். உண்மையாகவே யோசித்தான். மேலேயிருந்து கூடம், வாசல், சமையற்கட்டு எல்லாம் அவனுக்குத் தெரியும்.

"அப்படி ஒரு ஆளே மலையில இல்லைங்க ஐயா."

தாணு திரும்பி நடந்தார். மாமரம் மறைத்ததும் நின்று, மாசிலாமணியின் வரிசையைத் திறந்து எழுதினார்.

'ஐந்து. கோட்டைச்சாமியை மறைக்கிறான். கூட்டு.'

*

சனிக்கிழமை, எதிர்பார்த்த நாளுக்கு முன்பே மேற்கே மேகம் கறுத்திருந்தது.

"ரெண்டு பேரையும் சேத்து அனுப்பணும் அம்மா," என்றார் தாணு.

"மாசிலாமணி மேல எத்தனை இருக்கு?"

"அஞ்சு."

"கோட்டைச்சாமி மேல?"

"பதினாலு."

"அப்ப பதினாலை முதல்ல அனுப்புவோம். கூட்டிட்டு வாங்க."

தாணு தேடினார். சமையற்கட்டில் இல்லை. வாசலில் இல்லை. யானைப்பாறை மேலும் இல்லை. அவர் தேடுவதைப் பார்த்துப் பிச்சாண்டியும் தேடினான். கம்பி கட்டுகிறவர்கள் நாலு திசைக்கும் ஓடினார்கள். "இப்பத்தான் தெக்குச் சுவரைத் தாண்டினான்" என்று ஒருவன் சொன்னான். "வேட்டியை மடிச்சுக் கட்டியிருந்தான்" என்று இன்னொருவன் சொன்னான். "கையில வடை இருந்துச்சா?" என்று சொர்ணத்தாய் உள்ளேயிருந்து கேட்டாள்.

ஒரு மணி நேரம் கழித்துத் தாணு வியர்த்துப்போய் வந்தார்.

"தப்பிச்சுட்டான் அம்மா. எவனோ தகவல் குடுத்திருக்கான்."

குரு அவருக்கு ஒரு சொம்புத் தண்ணீர் கொடுத்தார். அவர் குடித்து முடிக்கும்வரை காத்திருந்தார்.

"அந்தப் பேரு அன்னைக்குக் கீரை ஆயும்போது என் வாயில வந்துச்சு அண்ணாச்சி."

"பேரு சரி. ஆளு?"

"பேரு மட்டுந்தான் வந்துச்சு."

தாணு சொம்பைப் பார்த்தார்.

"கையாள்னு சொன்னீங்களே?"

"கையாள்னு போட்டுக்கோங்கன்னு சொன்னேன்."

"பன்னெண்டு வடை?"

"அதைச் சொர்ணத்தாயிட்டத்தான் கேக்கணும்."

"பிச்சாண்டி பாத்தானே!"

குரு தலையைப் பின்னால் சாய்த்தார். வாயைத் திறந்தார். பிச்சாண்டியின் குறட்டை அச்சுப் பிசகாமல் வந்தது. பிறகு சட்டென்று நிமிர்ந்து, பிச்சாண்டியின் குரலிலேயே, "முழிச்சுத்தான் இருக்கேன் அண்ணாச்சி," என்றார்.

தாணு சிரிக்கவில்லை. அவரிடம் இன்னும் ஒரு சான்று மிச்சம் இருந்தது.

"கட்டம் சிவந்துச்சே அம்மா! பேரு போட்டதும் சிவந்துச்சே! நீங்களும்தானே பாத்தீங்க?"

"பாத்தேன். சிவப்புன்னு எழுதினது யாரு?"

"நான் இல்ல."

"நானும் இல்ல."

தாணு மடிக்கணினியை இழுத்து முன்னால் வைத்துக்கொண்டார். அதை முதல் முறையாகச் சந்தேகத்தோடு பார்த்தார்.

புதிதாக ஒரு வரிசை திறந்தார். பெயர் எழுதவில்லை. விசையைத் தட்டினார்.

கட்டம் சிவந்தது.

இன்னொரு வரிசை. பெயர் இல்லை. சிவப்பு.

இன்னொன்று. சிவப்பு.

பெயரில்லாத ஏழு பேர் வரிசையாகச் சிவந்து நின்றார்கள். தாணுவின் நாக்கில் மாசி மாதக் காப்பியின் கசப்பு வந்தது. யாரும் எதுவும் எழுதாவிட்டால் என்ன இருக்கட்டும்? 'ஐ-1' என்று தானே தட்டியது நினைவுக்கு வந்தது. பாதுகாப்பாக இருக்கட்டும் என்றுதான்.

அவர் பட்டியலில் மேலே போனார். மாசிலாமணியின் வரிசை.

மலைக்கு வந்த நாள்: பங்குனி நாலு.

கட்டம் சிவந்த நாள்: பங்குனி நாலு.

முதல் காரணம் எழுதிய நாள்: சித்திரை இருபது.

தாணு எழுந்தார். மடிக்கணினியை மூடவில்லை.

சமையற்கட்டு வரைதான் நடந்தார். ஆட்டுக்கல் பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்தார். கையை ஊன்றிய இடம் சொரசொரவென்றிருந்தது. குனிந்து பார்த்தார். சிமெண்டுக் கறை. அதற்குப் பக்கத்தில் பழைய ஆணி ஓட்டைகள். எண்ணிப் பார்த்தார். மூன்று பலகைகள்.

"இந்த பெஞ்சு எங்க கிடைச்சுது?"

"மேஸ்திரி அடிச்சுக் குடுத்தாரு," என்றாள் சொர்ணத்தாய். "முட்டு வலிக்குன்னு சொன்னேன். கூரைக்கு ஆகாத வெடிச்ச பலகைதானாம். உங்ககிட்டச் சொல்லிரச் சொன்னாரு. நான்தான்... அண்ணாச்சி, அந்த வடை விஷயம்..."

தாணு எழுந்து நடந்தார்.

புதுக்கூடத்துக்கு மேலே விசில் கேட்டது. ஆணியைப் பல்லில் கடித்திருப்பவனின் மூச்சு அது. தாணு ஏணியின் அடிக்கு வந்ததும் விசில் நின்றது.

மாசிலாமணி ஆணிகளைக் கையில் துப்பிக்கொண்டான். கீழே பார்க்கவில்லை.

"பிச்சாண்டி சொன்னான் ஐயா. இன்னைக்கு என்னை அனுப்புதீங்கன்னு. துணியெல்லாம் கட்டி வச்சுட்டேன். இந்தத் தெக்கு மூலையை மட்டும் முடிச்சுட்டு இறங்கிருதேன். அரைகுறையா விட்டா சரிஞ்சிரும். நாளைக்கு அடியில யாராவது நிப்பாங்க."

முதல் துளி பலகையில் விழுந்தது.

"நேரம் ஆவுது ஐயா. ஒத்தைக் கையா இருக்கேன்." அவன் இப்போதுதான் கீழே எட்டிப் பார்த்தான். முகத்தில் கோபம் இருந்தது. அதன் ஓரத்தில் ஒரு கிண்டலும் இருந்தது. "அந்தக் கோட்டைச்சாமி இருந்தாலாவது ஒரு ஜாக்கியைப் பிடிப்பான். எங்க ஐயா அவன்? வந்துட்டானா?"

தாணு செருப்பைக் கழற்றினார். வேட்டியை மடித்துக் கட்டினார். ஜாக்கியை இரண்டு கையாலும் பிடித்தார்.

"வந்துட்டான்," என்றார்.